இருபத்தொன்றாவது வயல்

டேப்பக்காவை அளவு டேப் இல்லாத கழுத்தோடு பார்த்தவர்கள் குறைவு. கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவாள், சாவு வீட்டுக்கும் அதோடுதான். அவள் வீட்டு முன்னறைதான் தையல்கடை. ஜன்னலோரம் மிதி மெஷின், சுவரில் ஆணியில் தொங்கும் கத்தரிகள், மூலையில் ஒரு பெரிய அலுமினிய அண்டா. அண்டாவில் எப்போதும் ஏதாவது ஒரு புதுத்துணி ஊறிக்கொண்டிருக்கும். ஊறவைத்து, உலர்த்தி, அதற்குப் பிறகுதான் கத்தரியைத் தொடுவாள். யார் கெஞ்சினாலும் மசியமாட்டாள்.

"நனைக்காம தைச்சுக் குடுத்தா ஒரே தண்ணியில உங்க சட்டை உங்க தம்பிக்கு ஆயிடும். அப்புறம் என்னை மட்டுமா திட்டுவீங்க, என்னைப் பெத்தவளையும் சேர்த்துத்தான் திட்டுவீங்க" என்பாள்.

அந்த டேப்தான் இருபத்தாறு வயதில் அவளை ஒரு கிளர்ச்சிக்குள் இழுத்துவிட்டது.

பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தம் பதினோரு பேர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர்கள் இருவர், லாரி மெக்கானிக்கான அவளுடைய அண்ணன், இப்படி. உழவு தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருக்கும் முழங்கால் வலி. இயக்கத்துக்குப் பெயர் வைக்கவே மூன்று கூட்டங்கள் ஆயின. வைத்த பெயரை ஒரே மூச்சில் சொல்ல யாராலும் முடியாததால் 'பதினோரு பேர்' என்பதே ஊரில் நிலைத்துவிட்டது. அவர்களிடம் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று சுடாது. எது சுடாது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு.

ஆனாலும் அவர்கள் ஒரு காரியத்தைச் செய்து முடித்தார்கள். நாற்பது குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத பண்ணை அது. விளைச்சலில் முக்கால் பங்கை அள்ளிக்கொண்டு போக வந்த முதலாளியின் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, உழுகிறவர்களுக்கே நிலத்தைச் சமமாகப் பங்கிடுவது என்று முடிவு செய்தார்கள். ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடந்த நிலம். மத்தியில் ஒரு வண்டிப்பாதை. பாதைக்குக் கிழக்கே இருபது குடும்பம், மேற்கே இருபது. வீட்டுக்கு நூறு அடி அகலம்.

"யாரு அளக்கிறது?" என்று வாத்தியார் கேட்டார்.

"என் தங்கச்சி இருக்காளே. அவ கண்ணாலேயே அளந்துடுவா" என்றான் அண்ணன்.

நூறு அடி நார்க்கயிற்றைத் தன் டேப்பால் அளந்து, இரண்டு நுனியிலும் சிவப்புத் துணி கட்டினாள். முதல் நாள் கிழக்குப் பக்கம். கொளுத்துகிற வெயில். இருபதும் கச்சிதமாக வந்தன. மறுநாள் மேற்குப் பக்கம். விடிந்ததிலிருந்து அடைமழை. முதலாளி எந்த நிமிஷமும் ஆள் கூட்டிக்கொண்டு திரும்பலாம் என்பதால் நிறுத்தவில்லை. வாத்தியார் நோட்டுக்குக் குடை பிடிக்க, அவளும் அண்ணனும் சேற்றில் கயிற்றை இழுத்துக்கொண்டு போனார்கள். இருபது அளந்து முடித்த பிறகும் அங்கே ஒரு வயல் மிச்சம் இருந்தது.

"பூமியே நம்ம பக்கம்தான் தோழர்களே!" என்றார் வாத்தியார், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட.

போராட்டம் முடிகிறவரை பதினோரு பேரில் யாரும் நிலம் எடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. அதனால் அந்த மிச்ச வயலை, எல்லாம் முடிந்து முதலில் திரும்பி வருகிறவருக்கு என்று ஒதுக்கினார்கள். அதற்கு 'இருபத்தொண்ணு' என்றே பெயர் விழுந்தது.

எட்டு மாதத்தில் ராணுவம் வந்தது. நான்கு பேர் செத்தார்கள். வாத்தியார் சிறைக்குப் போய் அங்கேயே நோயில் போனார். மற்றவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். அண்ணன் மலை தாண்டிப் போனான். அதற்குப் பிறகு கடுதாசி இல்லை. ஆனால் நாற்பது குடும்பங்களும் வயலை விட்டு அசையவில்லை. இருபத்தொண்ணை டேப்பக்காவும் அவள் அண்ணியும் உழுதார்கள். அண்ணி அதன் கடைக்கோடியில், வாய்க்கால் திரும்புகிற இடத்தில், ஒரு கொய்யா நட்டாள்.

முப்பத்தொரு வருடம் கழித்து அரசாங்கம் இறங்கி வந்தது. உழுகிறவர்கள் பெயருக்கே பட்டா என்று சட்டம். இருபத்தொண்ணு அண்ணியின் பெயருக்கு வரவேண்டும் என்று ஊர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தது. முக்காலியில் மெஷினை நிறுத்தி நான்கு நாள் அளந்த சர்வேயர், ஐந்தாம் நாள் எல்லாரையும் பாதையோரம் கூட்டினார்.

"நாப்பது பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போடணும். எல்லைத் தகராறு இல்லைன்னு. ஒருத்தர் மாட்டேன்னாலும் ஃபைல் கோர்ட்டுக்குப் போயிடும்."

"போனா எப்ப வரும்?"

"நான் ரிடையர் ஆகிறதுக்குள்ள வரலாம். எனக்கு இப்ப முப்பத்திரண்டு."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தாளைப் படித்தார். கிழக்கே எல்லா வயலும் நூறு அடி. மேற்கே இருபதும் தொண்ணூற்றைந்து.

மேற்கில் கடைசி வயல்காரரான பால்காரர் துள்ளி எழுந்தார். "நான் அப்பவே நினைச்சேன்! அந்தப் பதினோரு பேருக்கும் மாவு மில் வீட்டுலதான் சாப்பாடு. மில்லுக்காரர் வயல் எந்தப் பக்கம்? கிழக்கு! ஓரவஞ்சனை பண்ணிட்டுப் போயிட்டாங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"சோறு போட்டதுக்கு இப்படி ஒரு பேரா?" என்று மில்லுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். சர்வேயர் குறுக்கே புகுந்து, மூன்று நாள் கெடு கொடுத்துவிட்டுப் போனார்.

செத்தவர்களைத் திருடர்கள் என்று சொன்னால்கூட டேப்பக்கா பொறுத்திருப்பாள். ஓரவஞ்சனை என்ற சொல்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வீட்டுக்கு வந்து, கை வேலை செய்தால் மனசு ஆறும் என்று, காலையில் உலர்ந்திருந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்து அளந்தாள். ஊறப்போடும் முன் இருந்ததைவிட நான்கு விரல் குறைவு. புதுத்துணி அப்படித்தான் குறையும். துணியைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரி நார்க்கயிறு நூறு அடி வாங்கி வந்து, அண்டாவில் ஊறப்போட்டாள். மாலையில் கொல்லையில் இழுத்து அளந்தபோது அண்ணி வந்து நின்றாள்.

"என்னடி, கயிறுல சட்டை தைக்கப் போறியா?"

"அண்ணி, மேற்க அளந்த அன்னிக்கு மழை."

"பெய்ஞ்சுது. அதுக்கு?"

"நார்க்கயிறு நனைஞ்சா சுருங்கும். நூறு அடி தொண்ணூத்தஞ்சு ஆயிடுச்சு. துணியை நனைக்காம தொடமாட்டேன்னு ஊர் பூரா பீத்திக்கிறேன், அன்னிக்குக் கயிறைப் பத்தி எனக்கு உறைக்கவே இல்ல."

அண்ணி கணக்கில் புலி. அவள் முகம் மெதுவாக மாறியது. "அப்ப இருபத்தொண்ணு?"

"அப்படி ஒரு வயலே இல்ல அண்ணி. இருபது வீட்டுலேர்ந்தும் நான் அஞ்சஞ்சு அடி வெட்டி எடுத்ததுதான் அது."

அண்ணி போய்க் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இது வேற யாருக்கும் தெரியாது" என்றாள் அண்ணி.

"தெரியாது."

"உங்க அண்ணன் வந்தா அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"ஆமா அண்ணி. நீங்க வேண்டாம்னா நான் சொல்லல."

அண்ணி ஈரக்கயிற்றைக் கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தாள். "அந்த மனுஷன் வந்து, அடுத்தவன் அஞ்சடியில நான் வெள்ளாமை பண்ணியிருக்கேன்னு தெரிஞ்சா என்ன செய்வார்? வாசல்லயே நின்னு ரெண்டு மணி நேரம் பேசுவார். அதை யாரு கேக்கிறது? அண்டாவைத் தூக்கு."

கெடு நாளன்று வண்டிப்பாதையில் அண்டா வந்து இறங்கியது. டேப்பக்கா எல்லார் முன்னாலும் இன்னொரு புதுக் கயிற்றை அளந்து ஊறப்போட்டாள். அது ஊறுகிற நேரத்தில் நடந்ததைச் சொன்னாள். "ஓரவஞ்சனை இல்ல. மழை. தப்பு பண்ணினது நான் ஒருத்திதான். அவங்க பேர்ல அதை ஏத்தாதீங்க." பிறகு கயிற்றை எடுத்து ஒரு நுனியைப் பால்காரர் கையில் கொடுத்தாள். அவரே இழுத்தார், அவரே அளந்தார். தொண்ணூற்றைந்தரை.

"அடப்பாவமே" என்றார் பால்காரர். "இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு தண்ணி சேர்ந்தா என்ன ஆகும்னு எனக்கே தெரியாமப் போச்சே!"

"உங்க தொழில்ல தண்ணி சேர்ந்தா கூடத்தானேய்யா செய்யும்" என்றார் மில்லுக்காரர். பாதையே குலுங்கிச் சிரித்தது. முதலில் சிரித்தது பால்காரர்தான்.

அன்றே கல் நகர்த்தினார்கள். கிழக்குக்காரர்களும் கடப்பாரையோடு வந்தார்கள். முதல் கல் ஐந்தடி, அடுத்தது பத்தடி, அதற்கடுத்தது பதினைந்து என்று போய், பால்காரரின் வயல் முழுதாக இருபத்தொண்ணில் போய் உட்கார்ந்தது. அண்ணி போட்ட பூசணிக்கொடிகளுக்கு நடுவே காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றார்.

"காய் எல்லாம் உங்களுக்குத்தான் அண்ணி. இந்தப் போகம் முடியட்டும், அப்புறம் நான் இறங்கறேன்."

சர்வேயர் மெஷினில் கண் வைத்துப் பார்த்து, "இந்தக் கோடியில பன்னிரண்டு அடி மிச்சம் இருக்கே. கொய்யா நிக்கிற இடம். யார் பேர்ல எழுதறது?" என்றார்.

நாற்பது வீட்டுக்காரர்களும் அண்ணியைக் கைகாட்டினார்கள். அண்ணி நாத்தனாரைக் காட்டினாள். "ரெண்டு பேர் பேர்லயும் எழுதுங்க. வர்ற மனுஷன் நிழல்ல நிக்க இது போதும்."

பால்காரர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். முப்பதாவது கையெழுத்து விழும்போது தூறல் ஆரம்பித்தது. சர்வேயர் ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து தாளுக்கு மேல் பிடித்தார்.

"தம்பி, மெஷினுக்குப் பிடிங்க!" என்று டேப்பக்கா பதறினாள்.

"அது சுருங்காதுக்கா."

"எதுக்கும் பிடிங்க" என்று சொல்லி, அவளே முந்தானையை விரித்து மெஷினுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள், நாற்பதாவது கையெழுத்து முடிகிறவரை.