சாட்சியின் அக்கா சொன்ன பதில்

ஹில்டா ராம்ஸ்டன் எனக்குப் பக்கத்துத் தறியில் பதினெட்டு வருஷம் நின்றவள். இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் நெசவுக்கூடத்துக்குள், தறிகள் போடும் சத்தத்தில், தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் சத்தமே இல்லாமல் வாயசைத்துப் பேசுவோம், எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஊர் வம்பெல்லாம் எங்களிடம் அப்படித்தான் வந்து சேரும்.

1953இல் அவளை நீதிமன்றத்தில் ஜூரியில், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக, உட்காரக் கூப்பிட்டார்கள். பதினோரு ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்திதான் பெண். யாரோ பின்னாலிருந்து மதுக்கடை முதலாளியின் மண்டையை உடைத்திருந்தார்கள். கரிவண்டிக்காரன் ஆல்பர்ட் கேட்லோதான் அடித்தான் என்பது வழக்கு. நிரூபணமானால் ஐந்து வருஷம் உள்ளே. பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி, கடையில் வேலை பார்த்த நட்டால்.

நட்டால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் பார்வையாளர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தான். அங்கே அவனுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். வேறொரு ஆலையில் தறி ஓட்டுகிறவள். நட்டாலும் முன்பு தறியில் நின்றவன்தான். அடித்தவன் என்ன போட்டிருந்தான் என்று வக்கீல் கேட்டதும் 'பச்சைக் கோட்டு' என்று அவள் வாயசைத்தாள். பச்சைக் கோட்டு என்றான் அவன். 'இடது கை' என்றாள். இடது கை என்றான். வக்கீல் கனவான்கள் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூரியில் தொப்பியோடு உட்கார்ந்திருப்பவளும் தறிக்காரி என்று அந்த அக்காவுக்குத் தோன்றவில்லை.

ஹில்டா எழுந்தாள். ஜூரித் தலைவர், ஒரு மளிகைக்காரர், அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. கண்டதைச் சொன்னாள்.

"நாப்பது அடி தூரத்துல இருந்தா உதட்டைப் படிச்சீங்க?" என்றார் நீதிபதி.

"எங்க கூடத்துல அது பக்கத்து வீடு மாதிரி, ஐயா."

அவர் நம்பவில்லை. கடைசிக் கதவருகே நின்ற காவலரைக் குரல் எழுப்பாமல் ஏதாவது பேசச் சொன்னார். காவலர் உதட்டை அசைத்தார்.

"ஜட்ஜ் ஐயா எப்ப எழுந்து சாப்பிட விடுவார், பசி உயிர் போகுதுங்கிறார்" என்றாள் ஹில்டா. காவலரின் முகம் சிவந்தே போயிற்று. சிரிப்பு அடங்குவதற்குள் மாடத்தில் அக்காவின் இடம் காலியாகிவிட்டது.

சாட்சிக்கு மாடத்திலிருந்து சொல்லிக்கொடுத்த விசாரணை செல்லாது என்று அந்த ஜூரியைக் கலைத்தார்கள். உட்கார்ந்து கேட்டதெல்லாம் வீணானதே என்று மளிகைக்காரர் படியிறங்கும் வரை திட்டினாராம். எனக்கு இன்னும் அந்த ஆளைப் பிடிக்காது. இரண்டு மாதம் கழித்துப் புதிய பன்னிரண்டு பேர் முன்னால் நட்டால் தனியாக நின்றான். கோட்டின் நிறமே அவனுக்கு நினைவு வரவில்லை. கேட்லோ விடுதலையானான்.

மறுநாளே அவன் எங்கள் கூடத்துக்கு வந்தான். தறிகளின் இரைச்சலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தன்னை நம்பியதற்கு நன்றி என்று ஹில்டாவிடம் கத்தினான். அவள் தறியை நிறுத்தாமல் வாயசைத்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தான். நான்தான் அவன் காதோரம் போய் அதைக் கத்த வேண்டியிருந்தது:

"நான் உன்னை நம்பலப்பா. நீ அடிச்சியா இல்லையான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. சாட்சி அவனாவே பேசணும், அவ்வளவுதான்."

கேட்லோ தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். ஹில்டா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள்.