திரும்பிப் போகும் கம்பி

மாலை நாலு இருபதுக்கு மின்விசிறி மெதுவானது. அதுதான் தொடக்கம். செகந்திராபாத் திருமுல்கேரியில் அன்று அடித்த காற்றும் மழையும் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. கூடத்து விளக்கு மங்கிச் சிவந்தது. என் மகளின் படுக்கையருகே ஆக்சிஜன் மிஷின் விட்டுவிட்டுக் கூவியது.

அவளுக்குப் பதினேழு வயது. நுரையீரல் தழும்பேறிப்போனவள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் அந்த மிஷினால்தான் இரவும் பகலும் மூச்சுவிட்டாள். இன்வெர்ட்டர் அதன் பாரத்தைத் தாங்காது. அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அதிலும் பாதிதான் மிச்சம்.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டு மீட்டருக்கும் கீழே ஒரு திருகு சுவிட்ச் உண்டு. தெருவில் வரும் மூன்று ஃபேஸ்களில் ஒன்று மங்கினால் திருகி இன்னொன்றுக்கு மாறிக்கொள்வோம். அன்று எதிர்வீட்டு விளக்கு மட்டும் பளீரென்று எரிந்தது. கீழ்வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டு மேலே வந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். யார் வீட்டில் எது நின்றாலும் முதல் ஆளாக வருபவர்.

“கைக்கு பரேஷான் ஆவுறம்மா, எதுக்குக் கவலை? எதிர்வீட்டு ஃபேஸ் ஜம்முனு இருக்கு. போய்த் திருப்பிடறேன்.”

“சீக்கிரம் அண்ணா, மிஷின் கத்துது.”

திருப்பினார். விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. மிஷின் ஒருமுறை உறுமியது. பிறகு பிளாஸ்டிக் கருகும் நாற்றம், மிஷினின் ஸ்டெபிலைசரிலிருந்து புகை. மிஷின் அடங்கிவிட்டது.

கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மின்சாரம் வந்தால் மட்டும் போதாது. வந்தது திரும்பிப் போனால்தான் சுற்று முடியும். மூன்று ஃபேஸ்களுக்கும் திரும்பும் வழி அந்த ஒற்றைக் கம்பி. அது அறுந்தால் மின்சாரம் நின்றுவிடுவதில்லை. ஒரு வீட்டுக்குள் புகுந்து இன்னொரு வீட்டின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. அதிகம் பேர் செலவழிக்கும் ஃபேஸ் மங்கும். குறைவாகச் செலவழிக்கும் ஃபேஸில் தாங்க முடியாத அளவுக்கு ஏறும். அந்த வெளிச்சத்தை நல்லது என்று நம்பித்தான் அதில் போய் விழுந்தோம்.

சிலிண்டரை மாட்டினேன். சிலிண்டர் கடைக்காரர், ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்றார். ஆம்புலன்ஸ்காரர் எத்தனை முறை கூப்பிட்டாலும் “வஸ்துன்னாம் மேடம்”, வந்துகொண்டே இருக்கிறோம் என்றார். மாதாப்பூர் ஆபீசிலிருந்து கிளம்பிய கணவர், “மேம்பாலத்துல நிக்கறேன், ஒண்ணும் நகரல” என்று சொல்லிவிட்டுப் போனை வைக்காமலே இருந்தார். லைன்மேனுக்கும் போன் போட்டு, வரச் சொல்லிக் கெஞ்சினேன்.

மகளின் விரலில் மாட்டிய கருவி காட்டிய எண்ணை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஸ்கோர் செப்பொத்து,” என்றாள். ஸ்கோர் சொல்லாதே என்று. “மேட்ச் போர் கொடுதோந்தி.” மேட்ச் போரடிக்கிறதாம்.

சொல்லிவிட்டுச் சிரிக்கப்போய் இருமினாள். அதன்பின் பேசவில்லை.

கீழ்வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். “நான்தானேம்மா திருப்பினேன்,” என்றார். நான் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். அது சிவப்பைத் தொட்டு, அதையும் தாண்டி அடியில் போய்ப் படுத்தது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்னும் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. தொண்டையில் குழாய் இருக்கிறது. புது மிஷின் அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் வீட்டில் அவள் கட்டிலருகே கிடக்கிறது. எப்போது அழைத்துப் போகலாம் என்று டாக்டரிடம் கேட்பதை நானும் கணவரும் நிறுத்திவிட்டோம்.

அன்று ஸ்ட்ரெச்சரை வாசலில் இறக்கியபோது தெருவிளக்குகள் எரிந்தன. கம்பத்திலிருந்து இறங்கிய லைன்மேன், தலையில் மழைநீர் சொட்ட, ஓடிவந்தார். போனில் கெஞ்சிய குரல் என்னுடையது என்று தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. நியூட்ரலைக் கட்டியாயிற்று, கரண்ட் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று மூச்சு வாங்கத் தெலுங்கில் சொன்னார்.

“கரெண்ட் ஒச்சேசிந்திம்மா. இக பயம் லேது.”