உடையாத டார்ச் லைட்டும் எதிர்க்கடைக் கூட்டமும்

டார்ச் லைட் வியாபாரத்தில் ஒரு சாபம் உண்டு: நல்ல லைட்டாக விற்றுவிட்டால், வாங்கியவர் முகத்தை மறுபடி பார்க்க முடியாது. கடை வைத்திருக்கும் சகோதர சகோதரிகளே, சிரிக்காதீர்கள். உங்கள் பெருமூச்சு எனக்கு இங்கே கேட்கிறது.

அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வரும் தெருவில் அப்பாவின் கடை. அவருக்கு இளைப்பு முற்றிப் பின்னறைக் கட்டிலில் படுத்துவிட்டதால், பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். எங்களிடம் இருந்தது ஒரே தினுசு. கெட்டித் தகரத்தில் உருளையாக ஓர் உடம்பு, ஒரு பொத்தான், உள்ளே இரண்டு கட்டை. பாட்டரியை எங்கள் பக்கம் கட்டை என்றுதான் சொல்வார்கள். ஏழை எளியவர் வாங்கக்கூடிய விலை. அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, என்னைப் போலவே.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "கிறிஸ்துமஸுக்குள்ளே கடைக்கு ஆள் பழகி வரணும், சுகிர்தா. வரலைன்னா கடையை யாருக்காவது விட்டுட்டு, நீ அத்தையோட திருநெல்வேலிக்குப் போய்ப் பள்ளிக்கூடத்து வேலையிலே சேர்ந்துடு." பள்ளிக்கூடம் என்றால் ஒரு வகுப்பு நிறையக் கண்கள், அத்தனையும் என்னைப் பார்க்கும். கடையிலோ வருகிறவர்கள் லைட்டைப் பார்ப்பார்கள். அந்த அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இடத்தை நான் உயிரைப் போல நேசித்தேன்.

பட்டப் பகலில் இருட்டு

டார்ச் லைட் வாங்க வருகிறவர் பகலில்தான் வருவார். பகலில் அது எரிகிறதா என்று பார்க்க இருட்டு வேண்டும். அதற்காக அப்பா ஒரு கறுப்புக் கம்பளி வைத்திருந்தார். வாங்குகிறவர் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே லைட்டை அடித்துப் பார்ப்பார். தெருவில் போகிறவர்கள், அம்பத்தூரில் வெயில் காலத்திலும் ஆவி பிடிக்கிறார்களே என்று நினைத்திருக்கலாம்.

மேனாம்பேட்டு கோவிந்தன் முதன்முதலாகக் கடைக்கு வந்தது அப்படித்தான். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது பாம்புக்குப் பயந்து லைட் கேட்டார். கம்பளிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கோ கூப்பிட வெட்கம். ஒருவழியாக வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர், லைட்டைத் தலைக்கு மேல் தூக்கி வாசல் கல்லில் பொத்தென்று போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குனிந்து எடுத்து, பொத்தானைத் தள்ளி, எரிகிறதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தாம்மா பயம் தெளிஞ்சிது. பாம்பு வந்தா நான் மொதல்ல இத்தத்தான் கீழ போடுவேன்."

எதிர்க்கடை

எதிரே கன்னியம்மா கடை. நாற்பதைத் தாண்டியவள், வாட்டசாட்டமான உடம்பு, குரல் அதைவிட வாட்டசாட்டம். வாயில் எப்போதும் வெற்றிலை. அவள் விற்ற லைட் வேறு ஜாதி. கண்ணாடி போலப் பளபளக்கும்; முன்தலையைத் திருகினால் வெளிச்சம் குவியும், இன்னும் திருகினால் விரியும். அதைப் பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும், எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

அவள் கடையில் கூட்டம் இல்லாத நேரமே கிடையாது. நேற்று வந்தவர் இன்றும் வருவார். போன வாரம் வாங்கியவர் இந்த வாரம் வந்து நிற்பார். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள். அவளும் ஆட்டுவாள். மோர் கொடுப்பாள். ஆவடிப் பக்கம் போகும் மிலிடரி லாரிகளின் இரைச்சலில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குக் கேட்காது. சினேகம் என்றால் இதுதான் என்று நினைத்து, உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டே என் அலமாரியைத் துடைப்பேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் அவள் குரல் மட்டும் தெருவைத் தாண்டி வரும்: "இன்னா பி.ஏ. பாப்பா, அந்தக் கண்ணாடிய இன்னும் தொடச்சா தேஞ்சிபூடும்!"

தலையணைக்கு அடியில்

ஒருநாள் கோவிந்தனின் மனைவி முனியம்மாள் வந்தார். லைட் வாங்கிய வீட்டிலிருந்து மறுபடி வந்த முதல் ஆள் அவர்தான் என்பதால் எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவர் வாங்க வரவில்லை. அந்த லைட் எப்படிச் செய்தால் கெட்டுப்போகும் என்று கேட்க வந்திருந்தார்.

புருஷன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாராம். காலையில் எழுந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறாராம். முனியம்மாள் தலைக்கு அந்த எண்ணெய் மிஞ்சுவதில்லையாம். ஆத்திரம் தாங்காமல், தெரியாமல் விழுந்தது போல அதை மாட்டு வண்டியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார். சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. லைட்டுக்கு இடுப்பில் ஒரு நெளிசல் விழுந்ததே தவிர, வெளிச்சம் அப்படியே இருந்தது. கோவிந்தன் அந்த நெளிசலுக்கும் சேர்த்து எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார். பட்டப்படிப்பில் இதற்குப் பாடம் வைக்கவில்லை. முனியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "எனுக்கு ஜுரம்னா தொட்டுப் பாக்காத மனுசன், அதுக்கு வெளிச்சம் கொறஞ்சா சோறு துண்ண மாட்டேன்றாரும்மா."

பழுப்புக் காகிதம்

யுத்தத்தில் குண்டு விழும் என்ற பயம் பட்டணத்திலிருந்து எங்கள் பக்கமும் பரவிய காலம் அது. டார்ச் லைட் வைத்திருப்பவர்கள் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டி, ஆகாய விமானத்துக்குத் தெரியாதபடி வெளிச்சத்தை மங்கலாக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். லைட் வாங்குகிறவர்களுக்கு நான் வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்றை இனாமாகக் கொடுத்தேன். எதிர்க்கடையில் இனாம் கிடையாது என்று தெரிந்துகொண்டுதான் கொடுத்தேன்.

ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்த ஒரு பெரியவர் லைட்டை அடித்துப் பார்த்தார். காகிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி அடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வெளிச்சத்துக்குத் துட்டு வாங்கிக்கினு, அத்த மூடறதுக்கு மட்டும் சும்மா குடுக்கிற. நல்லா கீதும்மா ஒன் தர்மம்!"

வெயிலில் காய்ந்த கட்டைகள்

யுத்தம் வந்த பிறகு கட்டைக்குப் பஞ்சம் வந்துவிட்டது. தீர்ந்துபோன கட்டையை வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்ச நாள் எரியும் என்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டைகளை நாமே இனாமாகக் காயவைத்துக் கொடுத்தால், கொடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை என்று ஆட்கள் வருவார்களே! முறத்தில் கட்டைகளை வடகம் போலப் பரப்பி ஓட்டின்மேல் வைத்தேன். ஊரே கொண்டுவந்து கொடுத்தது. எதிர்க்கடையை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு வந்தது அன்றுதான்.

எந்தக் கட்டை யாருடையது என்று அடையாளம் வைக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. சாயங்காலம் கோவிந்தனும் அவர் பங்காளி ஏழுமலையும் ஒன்றாக வந்தார்கள். கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் அடித்துப் பார்த்தார்கள். ஏழுமலையின் லைட் கொஞ்சம் பிரகாசமாக எரிந்துவிட்டது. கம்பளிக்குள்ளேயே சண்டை தொடங்கியது. கம்பளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. எதிர்க்கடைக் கூட்டம் முழுவதும் திரும்பி வேடிக்கை பார்த்தது. கோவிந்தன் தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைக் கேட்டார்: "இன்னாம்மா, படிச்ச பொண்ணு நீ, அவன் கட்டைக்கு மட்டும் வெயில் ஜாஸ்தியா காட்டிட்டியே, இது ஞாயமா?"

தலைதீபாவளி

கட்டை காயவைப்பதை அந்தச் சண்டையோடு விட்டுவிட்டேன். தீபாவளி வந்தது. கோவிந்தனின் மகளை வெள்ளானூரில் கொடுத்திருந்தார்கள். தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுப்பது என்று தீர்மானித்த கோவிந்தன், என் கண்ணெதிரே தெருவைக் கடந்து கன்னியம்மா கடைக்குப் போய்ப் பளபளப்பானதை வாங்கினார். தன் தலையணைக்கு என் லைட், மாப்பிள்ளையின் தட்டுக்கு அவள் லைட்! அன்று பகல் நான் சாப்பிடவில்லை.

ஆனால் மாப்பிள்ளையோ பளபளப்பானதைத் தொடவே இல்லையாம். மாமனார் இடுப்பில் செருகியிருந்த நெளிசல் லைட்டின் மேலேயே கண்ணாக இருந்திருக்கிறார். வண்டிச் சக்கரம் ஏறியும் எரிகிற லைட் என்று அதன் புகழ் வெள்ளானூர் வரை போயிருந்தது. எண்ணெய் வைத்துக்கொள்ளவும் மறுத்து முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று முனியம்மாள் அந்த லைட்டைப் புருஷன் இடுப்பிலிருந்து உருவி மாப்பிள்ளை கையில் கொடுத்தேவிட்டார். கோவிந்தன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கண்கலங்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, அதே மாதிரி புதிது ஒன்று வாங்கினார். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த முனியம்மாள், வாசலில் நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார்: "மூத்தவள வெரட்டி வுட்டேன், எளையவள கூட்டிக்கினு ஊட்டுக்கு வர்றாரும்மா!"

வெள்ளானூர் வந்தது

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை அந்த லைட்டை வெள்ளானூரில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். பார்த்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. முதலில் அவருடைய அண்ணன் வந்தார், பிறகு அண்ணனின் மச்சான். மச்சானிடம் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர், அவரைப் பார்த்து அவருடைய சம்பந்தி. எல்லோரும் கம்பளிக்குள் போனார்கள், எல்லோரும் வாசல் கல்லில் போட்டுப் பார்த்தார்கள், எல்லோரும் வாங்கினார்கள். ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா கேட்டது பழகி வரும் ஆட்களை. எனக்கோ தினமும் புதுமுகம். எதிர்க்கடையிலோ வழக்கம்போல் அதே முகங்கள், அதே கையாட்டல். அத்தை வந்து பெட்டியைத் திறந்து என் புடவைகளை மடித்து அடுக்கத் தொடங்கியிருந்தாள். அந்தச் சமயத்தில் வெள்ளானூர்க்காரர் ஒருவர் வாங்கிய லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்: "எல்லாம் சரிம்மா, அந்த மாப்ள லைட்டுல கீற நெளிசல் இதுல இல்லியே?"

எதிர்க்கடை எழுந்து வந்தது

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நண்பகல். கன்னியம்மா தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தாள். அவ்வளவு நாளில் அவள் என் வாசலை மிதித்ததே இல்லை. முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்து வைத்தாள். எங்கள் தகர லைட்! பூச்செல்லாம் போய், கைபட்டுக் கைபட்டு மழுங்கிய பழைய உருப்படி. அப்பா கடை வைத்த புதிதில் அவள் வாங்கியதாம். "பல்பு பூட்ச்சி கண்ணு, வேற ஒண்ணு போட்டுக் குடு. யாராண்டயும் சொல்லாத."

எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது. "உங்கள் கடையில்தான் அத்தனை கூட்டமாயிற்றே. தினமும் தேடி வருகிறார்களே. பார்க்கப் பார்க்க எனக்கு எவ்வளவு பொறாமையாக இருக்கும், தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொறாமையா? அடிப் பாவி! அதுங்க இன்னா என்னைக் கொஞ்சவா வருதுங்க? திருகு பூட்ச்சி, தலை கயண்டுகிச்சின்னு திட்டிக்கினு வருதுங்க! மோர் குடுக்காங்காட்டி அடிச்சே பூடுவானுங்க. ஒன்னாண்ட வாங்கினவன் ஒருத்தனாவது திரும்பி வந்து திட்டினானா? நீ பாட்டுக்குக் கண்ணாடியத் தொடச்சிக்கினு நிம்மதியா குந்திங்கீற. ஒன்னைப் பாத்துப் பாத்து எனுக்குத்தான் வயிறு எரியும்."

பின்னறையில் அப்பா சிரித்தது கேட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும், பெட்டியில் அடுக்கிய புடவைகளை வெளியே எடுக்கச் சொல்லி அவர் அத்தையைக் கூப்பிட்டார். நான் பல்பை மாற்றிப் பொத்தானைத் தள்ளினேன், எரிந்தது. அப்படியென்றால் எதற்காக அந்தப் பளபளப்பானதை விற்கிறீர்கள் என்று கேட்டேன். கன்னியம்மா பழைய லைட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கும்போது சொன்னாள்: "அது விக்கிறதுக்கு கண்ணு. இது வச்சிக்கிறதுக்கு."

என்னைப் போல் உடையாத பொருளை விற்று, வாசலைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வாங்கியவர் திரும்பி வரமாட்டார், அவரைப் பார்த்து வயிறெரிந்தவர் கட்டாயம் வருவார்.