கடிவாளத்தை விட்டுக் கும்பிட்ட நாள்

எனக்கு இப்ப எழுபத்தொன்பது வயசு. ஆறு பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கினேன். அதைச் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. குதிரை ஓட்டினேன்னு சொன்னா சிரிப்பாங்க. சிரிக்கட்டும் லா.

எழுபதுகள் கடைசியில, நாங்க குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து பஸ் ஏறி ஒரு குதிரைக் கிளப்புக்கு லாயம் கழுவப் போனேன். அங்க சவாரி சொல்லிக்கொடுத்தவங்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. என்னைவிடச் சின்னவங்க. அவங்க என்னை அக்கான்னாங்க, நான் அவங்களை டீச்சர்ன்னேன். அவங்க பாடம் டிரசாஜ். அடிக்காம, இழுக்காம, நம்ம உடம்பு அசைவுலயே குதிரையை நடக்க, திரும்ப, நிக்க வைக்கிற பழைய வித்தை.

டீச்சருக்கு முழங்கால் கெட்டுப்போச்சு. அவங்க ஓட்டிக்கிட்டிருந்த கிளப்போட பழுப்புக் குதிரை, புது ஆளு ஏறினா தள்ளிவிடும். தினம் குளிப்பாட்டுற என்கிட்ட மட்டும்தான் கொஞ்சம் அடங்கும்.

"சிலுவார் போட்டுக்கொண்டு ஏறுங்கோ அக்கா"ன்னாங்க.

சிலுவார்னா மலாய்ல கால்சட்டை. வீட்டுக்காரரோடதை மாட்டிக்கிட்டு ஏறினேன்.

மேல உட்கார்ந்தா எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பை அணைச்சேனா, சின்னவன் ஸ்கூலுக்குப் போனானா, மனசு ஓடிக்கிட்டே இருக்கும். குதிரையும் காலால மண்ணைக் கீறும்.

"உவன் ஏன் நிக்கேல்லை தெரியுமோ? நீங்கள் நிக்கேல்லை." டீச்சர் குதிரையைக் காட்டிச் சொல்வாங்க.

"நான் சும்மாதானே டீச்சர் உட்கார்ந்திருக்கேன்?"

"வாய் சும்மா இருக்குதோ?"

அப்படியே வருஷங்கள் ஓடுச்சு. திடீர்னு டீச்சருக்கு மார்வலி. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சு, "அவனை விட்டிடாதேங்கோ அக்கா"ன்னாங்க. அதுதான் கடைசி.

காரியம் முடிஞ்சதுமே கிளப்புக் கமிட்டியில பேச்சு. குதிரை யாருக்கும் அடங்காது, வித்துடலாம்னு. எனக்கு வீட்டுல கால் நிக்கல. கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன். கடைசியில கமிட்டித் தலைவர் முன்னால போய் நின்னேன்.

"டீச்சருக்காக நீங்க வைக்கப்போற நினைவுப் போட்டியில நான் அதை ஓட்டுறேன். அடங்கி நின்னா விக்கக்கூடாது."

"விழுந்தா யாரு ஆன்டி பதில் சொல்றது?"

"தூக்க எனக்கு ஆறு பேரு இருக்காங்க."

சிரிச்சுக்கிட்டே சரின்னாரு.

போட்டியில ஒரு முறை உண்டு. மைதானத்து நடுவுல குதிரையை நிறுத்தி, கடிவாள வாரை ஒரு கையில பிடிச்சு, மறு கையைத் தொங்கவிட்டு, நடுவருக்குத் தலை குனியணும். ஆயிரம் தடவை பண்ணதுதான். அன்னைக்கு நடுவர் மேசையில டீச்சர் படம், மாலை போட்டு. பார்த்ததும் என் ரெண்டு கையும் தானா மேல வந்துடுச்சு. கும்பிட்டேன். வார் குதிரை கழுத்துல விழுந்து கிடக்கு.

"ஆன்டி, வாரைப் பிடிங்க!" கமிட்டித் தலைவர் எழுந்து கத்துறாரு.

குதிரைக்குக் காது மட்டும் ஒரு தடவை ஆடுச்சு. அப்புறம் பெருமூச்சு விட்டுச்சு. நின்னுச்சு. எனக்கும் அந்த நேரம் அடுப்பு ஞாபகம் இல்லை, பிள்ளைங்க ஞாபகம் இல்லை.

கும்பிட்டதுக்கு மார்க்கைக் குறைச்சாங்க. குறைக்கட்டும். தலைவர் வந்து குதிரை நெத்தியைத் தடவி, "பிடிக்காமலே நிக்குதே. இதை எப்படி விக்கிறது?"ன்னாரு. அது சாகுற வரைக்கும் அந்த லாயத்துலதான் இருந்துச்சு. நானும் இருந்தேன்.

இப்பவும் நாற்காலியில என் கால் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும் கண்ணு. முதல்ல இருந்து படி, பாட்டி கேக்கிறேன். குதிரை நின்ன இடம் வந்ததும் நீயும் கொஞ்சம் நில்லு.