மூன்றாம் எண் வீட்டில் நாலு பேர்

சிலோனிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலில் வந்த குடும்பங்களுக்குத் தேயிலைத் தோட்டங்களில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் ஒதுக்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. குன்னூரில் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். குளிருக்கு ஸ்வெட்டர் போடாத குறையாக முதலாளி அதற்கு உறை தைத்து மூடி வைப்பார். எந்த வீட்டில் எந்தக் குடும்பம், அதில் யார் யார் என்று காட்டும் புரோகிராமை நானும் இன்னொருவரும் எழுதிக்கொண்டிருந்தோம்.

அவரும் கப்பலில் வந்தவர்தான். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவேன். நான் கோயம்புத்தூரிலிருந்து குளிரைத் திட்டிக்கொண்டே வந்தவள், எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கச் சின்னச் சின்ன சோதனைகள் எழுதி வைத்திருந்தோம். காலையில் ஒரு கட்டளை கொடுத்தால் போதும், அவை வரிசையாகத் தானே ஓடித் தப்பு எங்கே என்று திரையில் காட்டும். சோதனைக்கென்று நிஜத்தில் இல்லாத வீடுகளையும் ஆட்களையும் உண்டாக்குவோம். அண்ணாவின் சோதனைகள் எல்லாமே மூன்றாம் எண் வீட்டையே சுற்றி வரும். முதல் சோதனை அங்கே ஓர் அப்பாவைக் குடிவைக்கும். அடுத்தது அம்மாவைச் சேர்க்கும். பிறகு ஒரு மகள், ஒரு மகன். நாலு பேருக்கும் பெயரும் வைத்திருந்தார். கடைசிச் சோதனை வீட்டில் நாலு பேரும் இருக்கிறார்களா என்று பார்க்கும்.

கல்யாணமான மகளை வேறு வீட்டுக்கு மாற்றும் சோதனை ஒன்றை நான் எழுதி நடுவில் சேர்த்தேன். கைக்கு எட்டிய மகள் மூன்றாம் எண் வீட்டு மகள்தான், அவளையே அனுப்பி வைத்தேன். என் சோதனை தேறியது. அவருடைய கடைசிச் சோதனை விழுந்தது. வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. நான் மாற்றிப் போட்டதை யாரும் திருப்பி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

“ஏனுங்கண்ணா, எல்லாச் சோதனையும் ஒரே ஊட்டுல குடித்தனம் பண்ணுனா வெளங்குமாங்க?” என்று பொரிந்தேன்.

“அந்தப் புள்ளைய விட்டுட்டு வேற யாரையாச்சும் அனுப்பலாம் தானே, தங்கச்சி.”

நான் சிரித்துவிட்டேன். ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய வீட்டைத் தானே கட்டி, ஆட்களைத் தானே கொண்டுவந்து, முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும் என்று பாடம் நடத்தினேன். சாப்பாட்டுக் கடையில் எச்சில் இலையை எடுக்காமல் அடுத்த ஆளை உட்கார வைப்போமா என்றும் கேட்டேன். நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

“உங்க ஊட்டுப் புள்ளைய இனி எந்தச் சோதனையும் அசைக்க முடியாதுங்க” என்றேன் பெருமையாக.

“முடிஞ்சதும் அழிச்சிருமா?”

“ஆமாங்க.”

“நாலு பேரையுமா?”

“நாலு பேரையுந்தான். ஒவ்வொரு தடவையும் புதுசா வருவாங்க, வேலை முடிஞ்சதும் போயிருவாங்க.”

அப்போதுதான் அவர் சொன்னார். அந்த நாலும் அவர் வீட்டுப் பெயர்கள். அப்பா, அம்மா, அவர் மூவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. அக்கா கட்டிக்கொண்டவர் இலங்கைப் பிரஜை, அதனால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். எண்பத்து மூன்றில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பெற்றவர்கள் இங்கே வந்த பிறகு காலமாகிவிட்டார்கள்.

“இதுல மட்டுந்தான் நாலு பேரும் ஒரே லயத்துல இருக்கோம்” என்றார். லைன் வீட்டை அவர் லயம் என்றுதான் சொல்வார். “மெஷினை நிப்பாட்டிட்டு ஊட்டுக்குப் போனாலும் உள்ளுக்க இருக்கோம் தானே.”

வேண்டாம் அண்ணா, என் சோதனையை எடுத்துவிடுகிறேன் என்று தடுமாறினேன். அவர் கேட்கவில்லை. நான் சொன்ன முறைதான் சரி என்று சொல்லி, அன்று மாலைக்குள் தன் சோதனைகளை எல்லாம் தனித்தனியாகப் பிரித்து எழுதினார். பெயர்கள் இருந்த இடத்தில் வெறும் எண்கள் வந்தன.

அந்தப் பழைய சோதனைகள் இருந்த ஃபைலை ஒரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கலாம். எந்தச் சோதனையும் தொடாமல் நாலு பேரும் அதில் பத்திரமாக இருந்திருப்பார்கள். ஒன்றை ஒன்று தொடக்கூடாது என்று அத்தனை நேரம் முழங்கிய எனக்கு அது தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அவரிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அவரும் இப்போது இல்லை.

அன்று மாலை அந்தப் பழைய ஃபைலை அழிக்கும் வேலை மட்டும் மிச்சம் இருந்தது. அவர் நாற்காலியை எனக்கு விட்டு எழுந்தார்.

“நீங்களே எடுத்துருங்க தங்கச்சி. நான் ஒருக்கா விட்டுட்டு வந்தவன்.”

நான் அழித்தேன். சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன என்று திரையில் வந்தது.