மணிக்கட்டில் சிவப்பு அம்பு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். தைத்து முடித்த அப்பர் என் மேசைக்கு வரும். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டியது ரிப்பேருக்குப் போகும். ரிப்பேரிலும் தேறாதது ஓரத்தில் இருக்கும் ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும். சரியாக இருப்பதற்கு நாங்கள் எதுவும் ஒட்டுவதில்லை. பேசாமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம்.

ஒவ்வொரு தடவையும் தாளிலிருந்து உரித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் ஒரு வரிசை அம்புகளை முன்கூட்டியே இடது மணிக்கட்டில் ஒட்டி வைத்துக்கொள்வோம். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது மிச்சம் மீதி கையிலேயே இருக்கும். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் கையில் சிவப்பு அம்பைப் பார்த்தால் அவள் செக்கிங்கில் இருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான். தையல் மெஷினிலிருந்து செக்கிங் மேசைக்கு வருவது லேசுப்பட்ட காரியமில்லை. "அந்தம்மா கண்ல மண்ணத் தூவ முடியாது" என்று சூப்பர்வைசர் புதுப் பெண்களிடம் சொல்லும்போது காது கேட்காதவள் மாதிரி குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்திருந்தோம். நான் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். அவள் அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்பிரே செக்‌ஷனில் வேலை செய்கிறவர், எட்டாவதோடு நிறுத்திவிட்டார். எங்கள் இருவர் இங்கிலீஷையும் கூட்டினாலும் ஒரு முழு வாக்கியம் தேறாது. ஆனாலும் ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்க நமக்குத் தெரியாதா என்று தெம்பாகத்தான் இருந்தேன். பள்ளி திறந்ததும் நடந்த முதல் பெற்றோர் கூட்டத்திலேயே மிஸ் அந்தத் தெம்பில் கை வைத்தார்.

"ஏ, பி, சி எல்லாம் வீட்ல சொல்லிக்குடுக்காதீங்க. எழுத்தோட பேரு இப்போ வேணாம், சத்தம்தான் வேணும். எஸ்னு சொல்லாதீங்க, ஸ்ஸ்ஸ்னு சொல்லுங்க. எம் வேணாம், ம்ம்ம். சத்தத்தைச் சேர்த்தா அதுவே வார்த்தை ஆயிடும்" என்றார்.

ஒவ்வொரு எழுத்தின் சத்தத்தையும் அவரே சொல்லிப் பதிவு செய்து, பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் அனுப்பினார். காலையில் கம்பெனி பஸ்ஸில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நான் அதைத்தான் கேட்டேன். கேட்டதை வாய்க்குள்ளே சொல்லியும் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு நாள் என்னையே பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மந்திரம் கிந்திரம் போடுறியா?" என்று கேட்டாள். இந்த வயதில் எனக்கு எல்.கே.ஜி. பாடம் நடக்கிறது என்று எப்படிச் சொல்ல? சிரித்து மழுப்பினேன்.

முதல் மாதங்கள் நன்றாகவே போயின. இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நான் எதைக் கெடுத்தேன் என்பது தெரிய வேண்டும். அட்டையை வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து எழுதினேன். குக்கர் விசில் அடிக்கும் முன் விடும் சத்தம் ஸ்ஸ்ஸ். பிரியாணி வாயில் போனதும் வருவது ம்ம்ம். சட்டையில் வேப்பங்கொட்டை அளவு காபி சிந்தினாலும் அவள் அப்பா கத்துவது ஆ. இப்படி வீட்டிலிருந்தே எல்லாச் சத்தமும் கிடைத்தது. ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நகரவே இல்லை. "ம்ம்... இ... ல்... க்" என்றாள். மறுபடியும் சொன்னாள். பிறகு வீடே அதிரக் கத்தினாள்.

"ம்மா! பால் மேல மில்க்குனு எழுதிக்குது!"

பல்லில் நுரையோடு அவள் அப்பா ஓடி வந்தார். இரண்டு பேரும் அந்தப் பாக்கெட்டை ஏதோ கோப்பை ஜெயித்த மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். அன்று பாலைக் காய்ச்சிய பிறகும் பாக்கெட்டைக் குப்பையில் போட விடவில்லை. கழுவிக் காயவைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கெடுதல் செல்போன் வழியாக வந்தது. வாட்ஸப் குரூப்பில் யாரோ ஒரு அம்மா தன் பையன் படிக்கும் வீடியோவைப் போட்டார். கடகடவென்று வரிசையாகப் படித்தான். கீழே கைதட்டல் படங்கள் குவிந்தன. அடுத்த நாள் இன்னொருத்தர். நானும் என் மகளைச் சுவரோரம் உட்காரவைத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். அவளுக்குச் சின்ன எழுத்து 'பி'யும் 'டி'யும் மாறி மாறி வரும். ஒரே கோடு, ஒரே வட்டம், வட்டம் எந்தப் பக்கம் என்பதுதான் வித்தியாசம். நாலு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயமில்லை என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் இடது கால் ஷூ பெட்டியில் வலது கால் வந்தாலே பதறுகிற கண் என்னுடையது. "திருப்பிச் சொல்லு" என்று வீடியோவை அழித்தேன். "திருப்பிச் சொல்லு" என்று மறுபடி அழித்தேன்.

ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்த கையோடு அவளை உட்காரவைத்திருந்தேன். 'டி' அட்டைக்கு 'பி'யின் சத்தத்தைச் சொன்னாள். என் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போய் ஒரு அம்பை உரித்து அந்த அட்டையில் ஒட்டிவிட்டது. வேலைப் பழக்கம். யோசித்துச் செய்ததில்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். "இது இன்னாம்மா?"

"தப்பு எங்கக்கீதுன்னு காட்டும்."

"அப்புறம் இன்னா பண்ணுவீங்க?"

"ரிப்பேருக்கு அனுப்புவோம்."

"ரிப்பேர் ஆவலன்னா?"

"ரிஜெக்ட்டு. ஓரமா பெட்டியில போட்டுருவோம்."

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளை எவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாள் என்று பூரித்துப்போனேன். அம்பைப் பார்த்ததும் அடுத்த தடவை சரியாகவும் சொன்னாள். நல்ல வழி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாளிலிருந்து மீதி அம்புகளை வீட்டுக்கென்றே வேலைப் பையில் பத்திரமாகக் கொண்டுவந்தேன். தப்பாகச் சொன்ன அட்டைக்கு ஒரு அம்பு. மறுபடி தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இன்னொன்று. சில அட்டைகளில் எழுத்தே தெரியாதபடி சிவப்பாகிவிட்டது. சரியாகச் சொன்ன அட்டையை ஒன்றும் சொல்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். கம்பெனியிலும் வீட்டிலும் செய்கிற வேலை ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் மெதுவாகச் சொன்னாள். பிறகு சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். பால் பாக்கெட்டை எப்போது குப்பையில் போட்டாள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

"கொயந்தைய போட்டு ஏன் பேஜார் பண்ற? ரெண்டு நாளு வுடு" என்றார் அவள் அப்பா.

"வுட்டா அப்பிடியே உங்கள மாதிரி ஆயிடுவா" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த வார்த்தையை இன்றுவரை நான் திரும்ப வாங்கவில்லை.

கீழ் வீட்டில் இருப்பவர் எங்கள் வீட்டுக்காரம்மா. நான் வேலையிலிருந்து வரும்வரை மகள் அவரிடம்தான் இருப்பாள். உருதுவில் சித்தியைக் காலா என்பார்கள்; காலா, காலா என்று அவர் பின்னாலேயே சுற்றுவாள். அவரும் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "இன்னாமா, புள்ள முன்ன மாதிரி இல்ல. மதியமெல்லாம் நல்லா பேசுது. நீ வர்ற டைமாச்சுன்னா வாய மூடிக்குது. அடிக்கிறியா?"

"அய்யோ, கை கூட ஓங்கினதில்ல காலா" என்றேன். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு நிமிர்ந்துதான் மாடியேறினேன்.

பிறகு பள்ளியில் பெற்றோர் நாள் வந்தது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக மிஸ் பக்கத்தில் போய் நின்று சில அட்டைகளைப் படிக்க வேண்டும், பெற்றோர் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம். லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். கிளம்பும் அவசரத்தில் அவள் என் வேலைப் பையைக் குடைந்துகொண்டிருந்தாள். மிட்டாய் தேடுகிறாள் என்று நினைத்து அதட்டி இழுத்துவந்தேன்.

அவள் முறை வந்தது. எழுந்து போனாள். மிஸ் பக்கத்தில் நின்று எங்களைப் பார்க்கத் திரும்பும் முன் பாவாடைப் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்தாள். திரும்பியபோது அவள் கீழுதட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. முனை வாயைக் காட்டியது. எந்தப் பக்கம் திருப்பி ஒட்ட வேண்டும் என்று பிள்ளை சரியாகக் கற்றிருந்தாள்.

மிஸ் வெளியூர்க்காரர். அவருக்குப் புரியவில்லை. "என்னடா கண்ணா இது?" என்று சிரித்தபடி கேட்டார்.

"எனக்கு வாய் ரிப்பேர் மிஸ்" என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் மிஸ் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். "அம்மா ஒட்டுறதுக்கு முன்ன நானே ஒட்டிக்கினேன்."

மிஸ்ஸுக்குப் புரியாமல் இருக்கலாம். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்காரர்கள். கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று ஏதோ ஒன்றில் இருப்பவர்கள். அந்த அம்பு என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலில் ஒருத்தர் சிரித்தார், பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பினாள்; என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். அன்று கையில் ஒன்றுமில்லை. இருந்தாலும் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்பார்களே, அது வெறும் பேச்சில்லை. நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் அவள் முன் மண்டியிட்டு, நோகாமல் அந்த ஸ்டிக்கரை உரித்துத் தன் புடவையில் ஒட்டிக்கொண்டார். "போய் உக்காருடா, அப்புறம் படிக்கலாம்" என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வீட்டுக்கு நடந்துதான் போனோம். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"ம்மா, ரிஜெக்ட் ஆன ஷூவெல்லாம் யார் வூட்டுக்குப் போவும்?"

ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். நீ ரிஜெக்ட் இல்லடி, ரிப்பேர் கூட இல்லடி என்று என்னென்னவோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். என் அழுகை நின்றதும், "செரி, ஆனா யார் வூட்டுக்கு?" என்றாள். அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான்.

அந்த வாரம் எல்லா அட்டைகளையும் கிழித்துப்போட்டேன். நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கிவந்து, சரியாகச் சொன்னால் ஒட்டலாம் என்று அவளிடம் காட்டினேன். என் புத்தி அவ்வளவுதான், ஒரு ஸ்டிக்கர் போனால் இன்னொரு ஸ்டிக்கர். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஒட்டாதம்மா" என்றாள்.

இப்போது அவள் யு.கே.ஜி. படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள், கீழ் வீட்டில். மாவுப் பை, சோப்பு உறை, மருந்து அட்டை என்று எது கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிக் காலாவுக்குப் படித்துக் காட்டுகிறாள். தப்பும் தவறுமாக, கத்திக் கத்திப் படிக்கிறாள். "அட, மாஷா அல்லா" என்று அவர் எல்லாவற்றுக்கும் சொல்கிறார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளே படிப்பு நின்றுவிடும்.

நான் கம்பெனியிலேயே கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். ஆனாலும் அவள் முதலில் என்னிடம் வந்து இடது கையைப் பிடிப்பாள். நான் ஒரு அப்பரைத் திருப்பிப் பார்ப்பது போலவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். வளையலைத் தள்ளிவிட்டு அடியிலும் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கையை விட்டுவிட்டு, சோப்பு உறையை எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பிப்பாள். அவள் பார்த்து முடிக்கும் வரை தினமும் அந்த வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.