சுடர்விழிக்குப் போட்ட சீட்டு

கடலூர் சாலையில் ஓடும் தனியார் பஸ்ஸில் பக்கிரி கண்டக்டர். ஜன்னலோர முன் சீட்டில் அவன் துண்டு கிடந்தால் அங்கே உட்கார யாருக்கும் தைரியம் வராது. ஜூனிலிருந்து மாலை டிரிப்பில் அந்த இடம் அவன் மகள் சுடர்விழிக்கு. தவளக்குப்பத்தில் ஐந்தாவது முடித்தவளை டவுன் பள்ளியில் ஆறாவது சேர்த்திருந்தான்.

சேர்த்தானே ஒழிய, அவனுக்கு நிம்மதி போய்விட்டது. பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் படியில் தொங்கியபடி கேட்டை எட்டிப் பார்ப்பான். சாப்பிட்டாளா, அழுதாளா, யாராவது பேசினார்களா என்று எங்களிடம் புலம்புவான். விசில் ஊத மறந்து டிரைவரிடம் திட்டு வாங்குவான். தினமும் அதே பஸ்ஸில் போகிற எனக்கே எரிச்சலாக இருக்கும்.

அந்தப் பிள்ளையோ உம்மென்று வெளியே பார்த்தபடி வரும். ஒரு மாதமாகியும் ஒரு சிநேகிதி இல்லை. நம்ம ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடு என்று வீட்டில் தினமும் அதே பாட்டு. அவன் மனைவி நிர்மலாதேவியும் டி.சி. வாங்கிவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எட்டாவதோடு நின்றுபோன பக்கிரிக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இறங்கும்போது அவள் வெடித்துவிட்டாள்.

"எல்லாப் பொண்ணுங்களும் பின்னால நின்னுக்கிட்டு பேசிச் சிரிச்சுக்கிட்டு வராங்க. நான் மட்டும் இங்க மகாராணியாட்டம் உக்காந்திருக்கேன். யாருப்பா ஏங்கிட்ட பேசுவாங்க? நீ வேற அவங்களப் பாத்துக் கத்துற."

பக்கிரி பாவம், தகப்பனாகத் தன்னால் ஆனது அந்த ஒரு சீட்டுதான் என்று நினைத்திருந்தான்.

திங்கட்கிழமை துண்டு அவன் தோளிலேயே கிடந்தது. மீன்கூடையோடு ஏறிய அம்மாள் ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சுடர்விழி பின்படியில் ஏறினாள், கூட்டம் மறைத்துவிட்டது. பிள்ளை நசுங்குகிறதோ, தனியாக நிற்கிறதோ, ஒன்றும் தெரியவில்லை. முதலியார்பேட்டை வரை எக்கி எக்கிப் பார்த்தான். அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் என் காலை இரண்டு தடவை மிதித்துவிட்டான். பிறகு பொறுக்கமாட்டாமல் ஆட்களை நெருக்கிக்கொண்டு பின்னால் போனான்.

இரண்டு பெண்களுக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். மூவருக்குமாக ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டி, அப்பனை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, தவளக்குப்பம் மூணு."

மற்ற இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

பக்கிரிக்குச் சுருக்கென்றது. மறு நொடியே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அழுகையும்தான். இரண்டையும் விழுங்கிக்கொண்டு மூன்று டிக்கெட் கிழித்தான்.

"சில்லறையாக் குடும்மா," என்றான். "மூணு பேரும் உள்ள தள்ளி நில்லுங்க."